ஒரு சின்ன மோட்டார் சைக்கிளின் வம்ச சரித்திரம்

பழைய நாடகங்களிலும் டாக்கிகளிலும் தவறாமல் ஒரு காட்சி வரும். சிறு பிராயத்தில் பிரிந்துபோன அண்ணனும் தம்பியும் பல ஆண்டுகளுக்குப் பின்னர் எதிரும் புதிருமாக வாளை உருவிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சமயத்தில் ஒருவன் தோளிலுள்ள மச்சம் மற்றவன் கண்ணில் பட்டுவிடும். வாள் கீழே விழும், கட்டித் தழுவிக்கொள்வார்கள், கொட்டகையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மோட்டார் சைக்கிள் உலகத்திலும் அப்படி ஒரு மச்சம் உண்டு. அது இரண்டு எண்கள்தான்: 52, 58.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துப் பி.எஸ்.ஏ. கம்பெனியார் 1948-ல் ‘பாண்ட்டம்’ என்ற சிறிய வண்டியை வெளியிட்டார்கள். அதன் விவரப் பட்டியலைப் பாருங்கள்: சிலிண்டரின் உள் விட்டம் 52 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 58 மில்லிமீட்டர். சோவியத் நாட்டில் 1946 முதல் மாஸ்கோவிலும், 1951 முதல் மின்ஸ்கிலும் செய்யப்பட்ட எம்-1-ஏ வண்டிக்கும் 52, 58. ஜப்பானில் யமஹா என்ற பெயரோடு 1955-ல் முதன்முதலாக வெளிவந்த மோட்டார் சைக்கிளுக்கும் 52, 58. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்ஸன் கம்பெனியார் 1947-ன் இறுதியில் வெளியிட்ட 125 கன சென்டிமீட்டர் வண்டிக்கு அளவு அங்குலக் கணக்கில் எழுதப்பட்டது. மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய அதே எண்கள்தான். நேற்றுவரை ஒருவர்மேல் ஒருவர் குண்டு பொழிந்துகொண்டிருந்த தேசங்கள், போர் ஓய்ந்ததும் ஒரே வண்டியைச் செய்யத் தொடங்கின. ஏன் என்பதுதான் நாம் சொல்லப்போகும் கதை.

அதற்கு முன், அந்த இரண்டு எண்களுக்கு அர்த்தம் என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் வண்டி இருந்தும் அதன் விவரப் பட்டியலைக் கண்ணெடுத்துப் பாராதவர்களே நம்மில் அதிகம். விலையைப் பார்ப்போம், ‘லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?’ என்று கேட்போம், அத்தோடு சரி.

மோட்டார் சைக்கிளின் எஞ்சின் என்பது இரும்பினால் ஆன ஒரு குழாய். அதற்குள் மேலும் கீழும் ஓடும் ஓர் அடைப்பு. குழாய்தான் சிலிண்டர், அடைப்புதான் பிஸ்டன். குழாயின் உள் விட்டம் 52; அடைப்பு மேலிருந்து கீழே ஓடும் தூரம் 58. பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போட்டால் அந்த இடத்தின் கொள்ளளவு 123 கன சென்டிமீட்டர் என்று வரும். ஓர் ஆழாக்குக்கும் குறைவு. அந்த ஆழாக்கு இடத்துக்குள் நிமிஷத்துக்கு 5000 தடவை, அதாவது விநாடிக்கு எண்பது தடவைக்கு மேல், பெட்ரோல் ஆவி வெடித்து எரிகிறது. அதிலிருந்து கிடைக்கும் பலம் பாண்ட்டத்தில் நாலரைக் குதிரைச் சக்தி. அதற்கு மூலமான ஜெர்மன் வண்டியில் நாலே முக்கால்.

இது பெரிய பலமா? இல்லை. இன்று நம் ஊர்களில் ஓடும் சாதாரண 100 சி.சி. வண்டி ஏறக்குறைய எட்டுக் குதிரைச் சக்தி தருகிறது. ஆனால், பலத்தை மட்டும் பார்த்தால் போதாது. எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாண்ட்டத்தின் எடை 153 ராத்தல், சுமார் 70 கிலோ. ஒரு நெல் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. வழியில் நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு வரலாம். வாசற்படி ஏற்றி நடையில் நிறுத்தலாம். மணிக்கு 45 மைலுக்குமேல் ஓடியது. நிதானமாக ஓட்டினால் ஒரு காலன் பெட்ரோலுக்கு 100 மைலுக்குமேல் சென்றது. பெட்ரோல் டாங்கி ஒன்றே முக்கால் காலன். கியர் மூன்று. முன் சக்கரத்துக்குத் தொலைநோக்கிக் குழாயைப் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து அமுங்கும் கவை. பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது, பள்ளத்தில் இறங்கினால் ஓட்டுபவருடைய முதுகெலும்புதான் ஸ்பிரிங். நிறம் வெளிறிய பச்சை ஒன்றுதான். விலை 60 பவுன். அதன்மேல் சர்க்கார் வரி 16 பவுன் 4 ஷில்லிங்.

இங்கிலாந்தில் தந்திச் சேவகர்கள் இதில்தான் ஏறிப் போனார்கள். தபால் இலாகாவுக்கு மட்டும் சிவப்பு நிறம். பெகி ஐரிஸ் தாமஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1950-ல் ஒரு பாண்ட்டத்தில் ஏறி, பின்னால் ஒரு பெட்டியில் தம்முடைய பெரிய ஏர்டேல் நாயையும் உட்கார வைத்துக்கொண்டு, கனடாவிலிருந்து மெக்ஸிகோ வரையில் வட அமெரிக்காவைச் சுற்றி வந்தார். ஏறக்குறைய 14,000 மைல்! நாலரைக் குதிரைகள் ஒரு பெண்மணியையும் ஒரு நாயையும் மூட்டை முடிச்சுகளையும் அவ்வளவு தூரம் இழுத்தன என்றால், அந்தக் குதிரைகளை இளப்பமாகப் பேச நமக்கு வாய் வரவில்லை.

இத்தனைக்கும் மூலம் எங்கே? ஜெர்மனியில் ஸாக்ஸனி மாகாணத்தில், மலையடிவாரத்திலே சோப்பாவ் என்று ஒரு சிற்றூர். அங்கே ராஸ்முஸ்ஸன் என்ற டென்மார்க் தேசத்தவர் ஓர் ஆலை வைத்திருந்தார். முதல் உலக யுத்த காலத்தில் நீராவியால் ஓடும் வண்டி ஒன்று செய்து பார்த்தார், அது சரிப்படவில்லை. ஆனால், அதற்கு வைத்த பெயரின் மூன்றெழுத்துச் சுருக்கமாகிய ‘டி.கே.டபிள்யூ.’ மட்டும் நிலைத்துவிட்டது. யுத்தம் முடிந்ததும் சிறுவர்கள் விளையாடுவதற்கு ஒரு பொம்மை எஞ்சின் செய்தார்கள். அதே மூன்றெழுத்துக்கு ‘பையனின் ஆசை’ என்று ஜெர்மன் மொழியில் புதுப் பொருள் கற்பித்தார்கள். பொம்மை எஞ்சின் வளர்ந்து சைக்கிளில் ஏறிற்று. ‘சின்ன அதிசயம்’ என்று மறுபடியும் பொருள் மாறிற்று. 1920-களின் முடிவில் உலகத்திலேயே மிக அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலை சோப்பாவ் ஆலைதான். 1932-ல் அது வேறு மூன்று கம்பெனிகளோடு சேர்ந்து ‘ஆட்டோ யூனியன்’ ஆயிற்று.

சோப்பாவ்காரர்கள் செய்ததெல்லாம் ‘டூ-ஸ்ட்ரோக்’ எஞ்சின். அதில் வால்வு இல்லை. வால்வைத் தூக்கும் கோல் இல்லை. அசையும் பாகங்கள் மூன்றே மூன்று: பிஸ்டன், இணைப்புத் தண்டு, சுழல் தண்டு. சிலிண்டரின் சுவரில் சில துவாரங்கள். பிஸ்டன் ஏறி இறங்கும்போதே அந்தத் துவாரங்களை மூடியும் திறந்தும் விடுகிறது. கிராமத்துக் கொல்லர் ஒருவர் பிரித்துப் பார்த்து அரைமணி நேரத்தில் புரிந்துகொண்டுவிடலாம். ஏழைகளின் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடையாது.

ஆனால் அதில் ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. எரிந்த புகை வெளியே போவதும் புதிய பெட்ரோல் ஆவி உள்ளே வருவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். புதியது நேராகக் குறுக்கே பாய்ந்து புகையோடு புகையாக வெளியே போய்விட்டால் பெட்ரோல் வீண். இதைத் தடுப்பதற்காகப் பிஸ்டனின் தலையில் திமில் மாதிரி ஒரு மேட்டை வைத்து வார்த்தார்கள். புதிய ஆவி அந்தத் திமிலில் மோதி மேலே போகும் என்பது எண்ணம். திமில் என்ன செய்தது? தானே பழுக்கக் காய்ந்து, பிஸ்டனை ஒரு பக்கமாகக் கனக்கச் செய்து, வேறு தொல்லைகளைக் கொண்டுவந்தது.

ஷ்னூர்லே என்ற ஜெர்மன் என்ஜினீயர் இதற்கு ஒரு வழி கண்டார். அதை விளங்கிக்கொள்ள நம் வீட்டுக் கூடத்தைக் கழுவிவிடும் காட்சியை நினைத்துக்கொண்டால் போதும். வாசலை நோக்கியே தண்ணீரை வீசினால், தண்ணீர் ஓடிப் போய்விடும். அழுக்கு மூலையிலேயே இருக்கும். விவரம் தெரிந்த பெண்கள் எதிர்ச் சுவரைப் பார்த்துத் தண்ணீரை அடிப்பார்கள். அது சுவரில் மோதித் திரும்பி, மூலை முடுக்கிலுள்ள அழுக்கையெல்லாம் வளைத்துக்கொண்டு வாசலுக்கு வரும். ஷ்னூர்லே செய்ததும் இதுவே. புகை போகும் துவாரத்தின் இருபுறமும் இரண்டு துவாரங்களை வைத்து, அவற்றின் வாயை எதிர்ச் சுவரை நோக்கிச் சாய்த்துவிட்டார். இரண்டு தாரைகளும் எதிர்ச் சுவரில் கூடி, மேலே ஏறி, வளைந்து இறங்கிப் புகையை வெளியே தள்ளின. திமில் தேவையற்றுப் போயிற்று; பிஸ்டனின் தலை ஏறக்குறையத் தட்டையாயிற்று. எஞ்சின் குளிர்ச்சியாகவும் சிக்கனமாகவும் ஓடிற்று. மோட்டார் சைக்கிள்களில் இந்த முறையைக் கையாளும் உரிமையைச் சோப்பாவ் ஆலையார் 1930-களின் ஆரம்பத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் திமிலோடு மாரடிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆலையின் என்ஜினீயர் ஹெர்மான் வெபர் என்பவர் இந்த முறையை வைத்து 1939-ல் ஆர்.டி. 125 என்ற வண்டியை அமைத்தார். 52, 58 என்ற எண்கள் பிறந்தது அப்போதுதான். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள், முட்டை வடிவமான ஒரு சிறிய வார்ப்புக்குள் அடங்கியிருந்தன. பார்வைக்கும் அழகு, எண்ணெய் ஒழுகும் மூட்டுக்களும் குறைவு. தொழிலாளி ஒருவர் வாங்கி ஆலைக்குப் போய்வர வேண்டும் என்பது நோக்கம்.

வண்டி பிறந்த வேளை நல்ல வேளை அல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் யுத்தம் மூண்டது. தொழிலாளியின் வண்டி சிப்பாயின் வண்டி ஆயிற்று. யுத்தத்தின் கடைசி வருஷங்களில் ஆட்டோ யூனியன் ஆலைகளில் கைதி முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். அக் கம்பெனியின் வாரிசான ஆடி நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதை விவரமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த வம்ச சரித்திரத்தில் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிப் போவது நியாயமாகாது.

1945-ல் ஜெர்மனி தோற்றது. சோப்பாவ் சோவியத் படையின் வசம் வந்தது. ஆலையிலிருந்த யந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றினார்கள். படங்களும் உரிமைகளும் யுத்த நஷ்ட ஈடாக வென்றவர்கள் கைக்குப் போயின. பி.எஸ்.ஏ.வும் ஹார்லி-டேவிட்ஸனும் மாஸ்கோ ஆலையும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு வேலை தொடங்கியது இப்படித்தான். போலந்திலும் அதே மாதிரி எஞ்சினை வைத்துத்தான் யுத்தத்துக்குப் பிந்திய மோட்டார் சைக்கிள் தொழில் கண் விழித்தது. 1960-களில் நம் நாட்டில் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் செய்யத் தொடங்கிய ராஜ்தூத் 175, போலந்து வண்டியொன்றின் மாதிரி. நேரடி வாரிசு என்று சொல்ல முடியாவிட்டாலும் குருகுலம் ஒன்றுதான்.

ஆங்கிலேயர்கள் படத்தை அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பிப் போட்டார்கள். அந்த நாளில் அவர்கள் நாட்டில் கியர் மிதி வலக் காலில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை.

இந்த இடத்தில் வேறொரு கிளைக் கதையையும் சொல்ல வேண்டும். நம் சென்னையோடு சம்பந்தப்பட்டது. ஆர்.டி. 125-க்கு முன்னால் 97 சி.சி.யில் ஒரு சின்ன டி.கே.டபிள்யூ. இருந்தது. ஹாலந்தில் அதை விற்றுவந்தவர்கள் ராட்டர்டாம் நகரத்து வர்த்தகர்கள். அந்தக் கம்பெனியை நடத்தியவர்கள் யூதர்கள் என்ற காரணத்துக்காக, நாஜி ஆட்சியில் அவர்களுக்கு வண்டி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு கம்பெனியை அணுகி, ‘இதே மாதிரி செய்து தர முடியுமா?’ என்று கேட்டார்கள். என்பீல்டு கம்பெனியார் அளவைக் கொஞ்சம் கூட்டி 126 சி.சி.யாகச் செய்தார்கள். 1939 ஏப்ரலில் ராட்டர்டாமில் வண்டியைக் காட்டினார்கள். சில மாதங்களில் யுத்தம். மறு ஆண்டு மே மாதம் ராட்டர்டாம் குண்டுவீச்சில் எரிந்தது. வண்டி மட்டும் பிழைத்தது. 59 கிலோதான் எடை என்பதைக் கண்ட ஆங்கிலப் படையினர் அதைக் குழாய்க் கூண்டில் வைத்துப் பாரசூட்டில் கட்டி விமானத்திலிருந்து இறக்கினார்கள். ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று அதற்குப் பெயர். 1944-ல் ஹாலந்தின் ஆர்ன்ஹெமில் ஜெர்மானியர்களுக்கு நடுவே போய் இறங்கியது, ஜெர்மானியர்கள் விற்க மறுத்த வண்டியின் பிள்ளை!

அதே என்பீல்டு கம்பெனியின் பெரிய வண்டியாகிய புல்லட்டைத்தான் 1955-ல் சென்னையில் சேர்த்துப் பூட்டத் தொடங்கினார்கள். பின்னர் திருவொற்றியூரில் முழுவதும் செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டு, 1970-ல் ஆங்கிலக் கம்பெனியே மறைந்தது; திருவொற்றியூர் நிலைத்தது. 2024-ல் சென்னைக் கம்பெனியார் தங்கள் மின்சார மோட்டார் சைக்கிளை உலகத்துக்குக் காட்டியபோது அதற்கு வைத்த பெயர் அந்தப் பழைய ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’.

இனி ஜப்பானுக்குப் போவோம். ஹமமாட்ஸு நகரில் பியானோவும் ஆர்மோனியமும் செய்துவந்த ஓர் ஆலை யுத்தத்தில் விமானங்களுக்குச் சுழல் விசிறி செய்து கொடுத்தது. யுத்தம் முடிந்ததும் அந்த யந்திரங்கள் சும்மா கிடந்தன. தலைவர் கவகாமி அவற்றைக் கொண்டு மோட்டார் சைக்கிள் செய்யத் தீர்மானித்தார். எந்த வண்டியை மாதிரியாக எடுத்துக்கொள்வது? எல்லாரும் எடுத்துக்கொண்டதையேதான்! ஆனால், படத்தைப் பார்த்து வார்த்தெடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. மூன்று கியரை நான்காக்கினார்கள். வண்டி எந்தக் கியரில் இருந்தாலும் கிளச்சைப் பிடித்துக்கொண்டு உதைத்துக் கிளப்பும்படி அமைத்தார்கள். 10,000 கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்தார்கள். நாலே முக்கால் குதிரைச் சக்தி 5.6 ஆயிற்று. 1955 ஜூலையில் பியூஜி மலை ஏறும் பந்தயத்தில் 125 சி.சி. பிரிவில் முதலாக வந்தது. கறுப்பு வண்டிகளுக்கு நடுவே இது சிவந்த நிறமாயிருந்ததால் ஜனங்கள் ‘செந்தும்பி’ என்று செல்லமாக அழைத்தார்கள்.

பி.எஸ்.ஏ.வும் யமஹாவும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் அல்லவா? பாண்ட்டத்துக்கு நான்காவது கியர் வந்தது 1960-களின் பிற்பகுதியில். சிலிண்டரை 148 ஆக்கினார்கள், பிறகு சுமார் 175 ஆக்கினார்கள். 1971-ல் பாண்ட்டம் நின்றது. அந்த வருஷத்துக்குள் யமஹா வண்டிகள் உலகப் பந்தயங்களில் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தன. இனாமாக வந்த படத்தை ஆங்கிலேயர்கள் இனாமாகவே நினைத்தார்கள் என்பது நம் அபிப்பிராயம். காப்பி அடிப்பதில் இரண்டு விதம் உண்டு. விடையைப் பார்த்து எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடும் பையன் ஒருவன். விடையைப் பார்த்தபின் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்க்கும் பையன் மற்றொருவன்.

மூல ஆலை இருந்த சோப்பாவிலும் கணக்கு நிற்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில், 1950 முதல் அங்கே மறுபடியும் ஆர்.டி. 125 செய்யப்பட்டது. வால்டர் காடன் என்ற என்ஜினீயர் அந்த வண்டியின் வழிவந்த பந்தய எஞ்சின்களை எடுத்துக்கொண்டு, புகைக் குழாயின் வடிவத்தை ஆராய்ந்தார். புகை வெளியேறும்போது எழும் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே ஓடப் பார்க்கும் புதிய ஆவியை உள்ளே தள்ளும்படி குழாயை வீங்கவும் குறுகவும் செய்தார். 1961-ல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைச் சக்தி தந்தது. அதே ஆழாக்கு இடத்தில் ஐந்து மடங்குக்கு மேல்! அந்த ஆண்டே அவருடைய முதன்மை ஓட்டக்காரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் தேசத்துப் பந்தயத்தின்போது தப்பி ஓடி ஜப்பானிய சுஸுகி கம்பெனியில் சேர்ந்தார். ரகசியமும் அவரோடு போயிற்று. மறு வருஷம் 50 சி.சி. உலகப் பட்டம் டெக்னருக்கும் சுஸுகிக்கும்.

மின்ஸ்க் வண்டிகள் வேறு திசையில் சென்றன. பந்தயமும் இல்லை, பட்டமும் இல்லை. வியட்நாம் மலைநாட்டில் அரிசி மூட்டையும் பன்றிக் குட்டியும் ஏற்றிக்கொண்டு சேற்றில் உழன்றன. அங்கே அதற்குக் ‘கிழ எருமை’ என்று பெயர்.

டூ-ஸ்ட்ரோக்கின் காலம் இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதன் எளிமையே அதற்கு எமனாயிற்று. எண்ணெய்க்குத் தனி ஏற்பாடு இல்லாததால் 20 அல்லது 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும்; எண்ணெயும் எரிந்து நீலப் புகையாக வரும். ஷ்னூர்லேயின் சாமர்த்தியத்தையும் மீறிக் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியேறும். இந்தியாவில் 2000-க்குப் பின் புகை விதிகள் இறுக இறுக அந்த வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஓசூரில் 1980 முதல் உருவாகித் தமிழ்நாட்டுக் கீரைக்காரரிலிருந்து பால்காரர் வரையில் சுமந்த சின்ன மொபெட்டின் வாரிசும் 2015-ல் நான்கு வீச்சு எஞ்சினுக்கு மாறிவிட்டது. பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் அளந்து ஊற்றிய கையை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சோப்பாவில் இன்று பழைய கோட்டையொன்றில் மோட்டார் சைக்கிள் காட்சிசாலை இருக்கிறது.

ஹெர்மான் வெபரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டோம். 1945-ல் யந்திரங்கள் போன திசையிலேயே அவரையும் சோவியத் நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். அவர் ஊர் திரும்பவில்லை. 1948-ல் அங்கேயே காலமானார். பர்மிங்ஹாமில் பச்சை நிறப் பாண்ட்டம் விலைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.